கேஸ் பாய்லர் பர்னரை டியூன் செய்வது: தீயின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேஸும் காற்றும் கலந்து எரியும் பகுதியான பர்னரைக் கண்ணாலேயே சரிசெய்தேன். தீ நல்ல நீலம். புகைபோக்கியில் துளி கரும்புகை இல்லை. பெருமையாக நின்றேன். சீனியர் அண்ணன் எதுவும் பேசாமல், புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் அனலைசரின் குழாயைப் புகைபோக்கித் துளையில் விட்டார். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு 600 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 600 பங்கு) தாண்டி ஓடியது. "கண்ணுக்குத் தெரியும்னா இந்த மெஷின் எதுக்கு தம்பி?" என்றார்.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனலைசர் இல்லாமல் டேம்பரை, அதாவது பர்னருக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டைத் தொடாதீர்கள். புதியவர்கள் முதல் சில தடவை அனுபவமுள்ள டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பாய்லர் அறையில் ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாம் திறந்திருக்க வேண்டும். சேஃப்டி ஸ்விட்ச் எதையும் பைபாஸ் செய்யக் கூடாது.

உதாரணத்துக்கு, திருப்பூரில் துணி அயர்ன் செய்யும் யூனிட்டில் இருக்கும் மணிக்கு 500 கிலோ நீராவி பாய்லரை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் குழாய்வழி இயற்கை எரிவாயு, பர்னர் இரண்டு ஸ்டேஜ்: முதலாவது சின்னத் தீ, இரண்டாவது முழுத் தீ.

முதலில் சுத்தம்

பாய்லரை நிறுத்தி, மின்சாரத்தையும் கேஸ் வால்வையும் அடைத்துவிட்டு, காற்றை ஊதித் தள்ளும் பிளோயரைத் திறந்து பாருங்கள். பனியன் கம்பெனிகளில் ஃபேன் இறக்கைகளில் பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் டியூன் செய்தால் அழுக்குக்குத்தான் டியூன் செய்கிறீர்கள். கேஸ் ஃபில்டர், பர்னர் தலை, இக்னிஷன் கம்பிகள், இவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரித்த கேஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பதை மறக்க வேண்டாம்.

பிறகு கேஸ் அளவு

பலரும் நேராகக் காற்றுக்குப் போய்விடுகிறார்கள். கேஸ் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் காற்றை எப்படிப் பொருத்துவது? இந்த அளவு பாய்லர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 40 கன மீட்டர் எரிக்கும். அதாவது மீட்டரில் ஒரு கன மீட்டர் ஓட 90 விநாடி. செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். மீட்டருக்குள் கேஸ் அதிக அழுத்தத்தில் போனால் அதற்கான திருத்தம் போட வேண்டும். சரியான எண்ணைப் பர்னர் தகட்டிலும் கையேட்டிலும் பார்த்து, கேஸ் ரெகுலேட்டரில் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கேஸைக் கூட்டுவதானால் முதலில் காற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். குறைக்கும்போது கேஸ் முதலில், காற்று அப்புறம். இந்த வரிசை மாறவே கூடாது.

முழுத் தீயில் காற்று

பாய்லர் குறைந்தது 20 நிமிடம் சூடாக ஓடியிருக்க வேண்டும். அயர்னிங் மாஸ்டரிடம் சொல்லி எல்லா டேபிளையும் ஓடவிடுங்கள். நீராவி செலவாகாவிட்டால் பிரஷர் ஏறி, பாதி வேலையில் பர்னர் அணைந்துவிடும்.

அனலைசரை வெளிக்காற்றில் ஆன் செய்யுங்கள், ஆக்சிஜன் 20.9 காட்ட வேண்டும். பிறகு குழாயின் நுனி புகைபோக்கியின் நடுவில் இருக்கும்படி வைத்து, துளையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடையுங்கள். அதன் வழியாக வெளிக்காற்று நுழைந்தால் ஆக்சிஜன் பொய்யாக ஏறித் தெரியும்.

ஆக்சிஜன் 8 சதவீதம், புகை வெப்பம் 220 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எரிந்தது போக மிஞ்சும் காற்று சூட்டைப் புகைபோக்கி வழியே வீணாகக் கொண்டுபோகிறது, அதைத்தான் குறைக்கப் போகிறோம். டேம்பரைக் கொஞ்சமே கொஞ்சம் மூடுங்கள். ஒரு நிமிடம் காத்திருந்து எண்ணைப் படியுங்கள். ஆக்சிஜன் 7, 6, 5 என்று இறங்கும், கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் அசையாது. ஓர் இடத்தில் அது திடீரென்று நூற்றுக்கணக்கில் எகிறும். அந்த முனையைத் தாண்டிப் போகாதீர்கள், உடனே காற்றைத் திறந்து பின்வாங்குங்கள். நிறுத்த வேண்டிய இடம்: ஆக்சிஜன் 3 முதல் 4 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம்முக்குள். கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு.

"இன்னும் இறுக்கினால் இன்னும் மிச்சம்தானே?" என்று முதலாளி கேட்பார். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆக்சிஜன் 8லிருந்து 3.5க்கு வந்ததில் சுமார் இரண்டரை சதவீத கேஸ் மிச்சம், மணிக்கு ஒரு கன மீட்டர். 3.5லிருந்து 2க்கு இறுக்கினால் கிடைப்பது அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்காக எடுக்கும் ஆபத்து பெரியது. காலையில் 22 டிகிரியில் டியூன் செய்கிறீர்கள், மதியம் பாய்லர் அறை 40 டிகிரி. சூடான காற்று லேசானது, அதே ஃபேன் 6 சதவீதம் குறைவாகத்தான் காற்றை அனுப்பும். காலையில் 3.5 வைத்தது மதியம் 2.4 ஆகும், பரவாயில்லை. காலையிலேயே 1.5 வைத்தால் மதியம் காற்றே போதாது. பஞ்சு ஒட்ட ஒட்ட இன்னும் மோசமாகும்.

சின்னத் தீ

முதல் ஸ்டேஜுக்கும் இதே முறைதான். ஆக்சிஜன் 5, 6 இருந்தாலும் விட்டுவிடுங்கள், அங்கே கலவை அவ்வளவு நன்றாக நடக்காது. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது தீ உறுமுகிறதா, தலையிலிருந்து விலகிப் பறக்கிறதா என்று காதும் கண்ணும் வைத்திருங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம்

கார்பன் மோனாக்சைடு ஏறினாலே காற்று போதவில்லை என்று நினைத்து டேம்பரைத் திறப்பார்கள். ஆக்சிஜன் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஆக்சிஜன் 1, கார்பன் மோனாக்சைடு 400 என்றால் காற்றுப் பஞ்சம், திறக்கலாம். ஆக்சிஜன் 9 இருந்தும் 400 என்றால் காற்று மிகுந்து தீ குளிர்ந்துபோகிறது, அல்லது பர்னர் தலை கோணலாகி கலவை கெட்டிருக்கிறது, அல்லது தீ உலைச் சுவரில் மோதுகிறது. அங்கே டேம்பரைத் திறந்தால் நிலைமை மோசமாகும். பர்னரை நிறுத்தித் தலையைப் பாருங்கள்.

எண்கள் சரியாக வந்ததும் டேம்பரை நகராமல் பிடிக்கும் லாக்நட்டை இறுக்கி, இன்னொரு தடவை படியுங்கள். இறுக்கும்போதே டேம்பர் நகர்ந்துவிடுவதுண்டு. பர்னரை அணைத்து, திரும்பப் பற்றவைத்துப் பாருங்கள். பிறகு தேதி, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, புகை வெப்பம், கேஸ் அழுத்தம், அறை வெப்பம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி பர்னர் பக்கத்தில் தொங்கவிடுங்கள். காகிதத்தில் எழுதி ஒட்டினால் ஆவியில் ஊறி ஒரே மாதத்தில் போய்விடும்.