வட சென்னையில நம்ம ஏரியா பெரியவங்களுக்கு உடல்நல நிகழ்ச்சி நடத்த காசு திரட்டுறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

நம்ம தெருவுல வயசானவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசைப்படுறவங்க நெறைய பேர் இருக்காங்க, ஆனா பேச்சு எடுத்த உடனே "காசுக்கு எங்க போறது"ன்னு ஒரு கேள்வி வரும், அதோட அந்த பேச்சு முடிஞ்சிடும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், காசு கேக்குறதை கடைசியா வச்சுக்கோங்க. இலவசமா கிடைக்கிறதை எல்லாம் முதல்ல சேர்த்துட்டா மிச்சம் கேக்க வேண்டிய தொகை ரொம்ப சின்னதா ஆயிடும், அந்த சின்ன தொகையோட முதல் பங்கு நம்ம தெருவுலேர்ந்தே வரணும், அப்பதான் பெரிய கம்பெனிக்காரங்க நம்மள மதிச்சு பேசுவாங்க.

இன்னொண்ணு, ஒரு நாள் மெடிக்கல் கேம்ப் போட்டு பேனர் கட்டி போட்டோ எடுக்குறதைப் பத்தி நான் இங்க பேசல. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு மணி நேரம், வருஷம் பூரா நடக்குற மாதிரி ஒண்ணு. சுகரும் முட்டி வலியும் ஒரு நாள் கேம்ப்ல சரியாகுற விஷயமா சொல்லுங்க?

முதல்ல பெரியவங்களையே கேளுங்க

இதை நெறைய பேர் விட்டுடுறாங்க. நாமளே உக்காந்து "யோகா வைக்கலாம், காலைல ஆறு மணிக்கு"ன்னு முடிவு பண்ணிடுறோம். காசிமேட்டுல ஏலம் எடுத்து மீன் விக்கப் போற ஆயா காலைல ஆறு மணிக்கு எப்படி வருவாங்க, அவங்களுக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் கை ஓயும். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பின்னி மில்லுலயும் ரயில்வே ஒர்க்‌ஷாப்லயும் வேலை பார்த்த தாத்தாங்க இருக்காங்க, அவங்க காலைல நாலு மணிக்கே எழுந்து உக்காந்திருப்பாங்க. கொருக்குப்பேட்டையில தண்ணி லாரி வர்ற நேரத்துல எதை வச்சாலும் ஒரு ஆள் வர மாட்டாங்க. ஏரியாவுக்கு ஏரியா இது மாறும்.

ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு முப்பது வீட்டுக்கு போங்க. "என்ன வேணும்"னு கேக்காதீங்க, கேட்டா "ஒண்ணும் வேணாம்பா, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிடுவாங்க. பக்கத்துல உக்காந்து பேச்சோட பேச்சா கேளுங்க, எந்திரிக்கும்போது எங்க வலிக்குது, கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க, நிக்காம எவ்ளோ தூரம் நடக்க முடியுது, பகல்ல வீட்ல கூட யாரு இருக்காங்க, சமீபத்துல எங்கயாவது வழுக்கி விழுந்தீங்களா. இந்த அஞ்சுக்கு வர்ற பதிலை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதிக்கோங்க. பின்னாடி யாருகிட்ட காசு கேக்கப் போனாலும் இந்த நோட்டுதான் உங்களுக்கு பலம், "எங்க தெருவுல முப்பது பேர்ல இத்தனை பேரு இந்த வருஷம் விழுந்திருக்காங்க"ன்னு உங்களால சொல்ல முடியும், வேற யாராலயும் அதை சொல்ல முடியாது.

இலவசமா கிடைக்கிறதுக்கு காசு கேக்காதீங்க

உங்க வார்டுக்கு எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்னு பாத்து, அங்க இருக்கிற மருத்துவ அலுவலரை ஒரு தடவை நேர்ல போய் பாருங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வந்து பிபி, சுகர் பாத்து மாத்திரை குடுக்குற அக்காங்க இருக்காங்க இல்லையா, எந்த சந்துல எந்த பெரியவர் படுத்த படுக்கையா இருக்காருன்னு அவங்களுக்கு அத்துப்படி, அவங்களை கூட சேர்த்துக்கோங்க. மருந்துக்கு பட்ஜெட் போடவே வேணாம். கூடவே அந்த டாக்டர்கிட்ட "இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி எங்க பகுதிக்கு தேவை"ன்னு ஒரு லெட்டர் வாங்கிடுங்க, அந்த ஒரு பேப்பர் பின்னாடி பத்து எடத்துல உதவும்.

பெரிய வைத்தியம்னா நமக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கு. கண்ணுல புரைன்னா எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி, 1819-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. கைத்தடி, காது மெஷின், வீல்சேர் இதெல்லாம் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவுல 60 வயசு தாண்டின ஏழைங்களுக்கு இலவசமாவே தர்றாங்க, 2017-லேர்ந்து இருக்கிற மத்திய அரசு திட்டம், ஆனா பெரும்பாலும் முகாம் போட்டுத்தான் குடுப்பாங்க, அதனால எப்ப முகாம்னு சமூக நலத்துறை ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கோங்க. பெரியவங்களுக்குன்னு இருக்கிற 14567 ஹெல்ப்லைன் நம்பரை பெரிய எழுத்துல எழுதி ஹால் செவுத்துல ஒட்டுங்க.

எடத்துக்கும் வாடகை குடுக்காதீங்க. மாநகராட்சி சமூக நலக்கூடம், சர்ச் ஹால், மதரசா, முகூர்த்தம் இல்லாத நாள்ல சும்மா கெடக்குற கல்யாண மண்டபம், கேட்டுப் பாருங்க, வாரத்துல ரெண்டு மணி நேரம்னா பல பேர் மறுக்க மாட்டாங்க. ஆனா தரைத்தளமா இருக்கணும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கணும், கைப்பிடி இருந்தா இன்னும் நல்லது. இந்த ரெண்டும் இல்லாத எடம் எவ்ளோ பெருசா இருந்தாலும் வேணாம், பாத்ரூம் போக பயந்துக்கிட்டே பாதி ஆயாங்க வர மாட்டாங்க.

இப்ப கணக்கு போடுங்க

உதாரணத்துக்கு 30 பேர், வாரம் ரெண்டு நாள், மாசத்துக்கு 8 நாள்னு வச்சுக்குவோம், ரேட்டு எல்லாம் உங்க ஏரியாவுல விசாரிச்சு மாத்திக்கோங்க. சுண்டலும் சர்க்கரை இல்லாத டீயும் ஆளுக்கு 20 ரூபா, மாசத்துக்கு 4,800. பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளைக்கு 800, மாசம் 6,400. நடக்க முடியாதவங்களுக்கு ஆட்டோ நாளைக்கு 200, அது 1,600. மாசம் ஒரு தடவை எல்லாருக்கும் சுகர் பாக்க ஸ்ட்ரிப் 600. ஜெராக்ஸ், நோட்டு, சில்லறை செலவு 500. மொத்தம் 13,900 ரூபா.

இந்த 13,900-ஐ அப்படியே கொண்டு போய் யார்கிட்டயும் நீட்டாதீங்க, உடைங்க. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு சுமாரா 1,740 ரூபா. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 58 ரூபா. "வருஷத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் வேணும் சார்"னு சொன்னா கேக்குறவர் பின்னாடி சாஞ்சு உக்காந்துடுவார், "ஒரு நாள் செலவு 1,740"னு சொன்னா தேதியைப் பாப்பார்.

பிசியோவை மட்டும் பட்ஜெட்லேர்ந்து தூக்கிடாதீங்க, சுண்டலை வேணா குறைச்சுக்கலாம். 65 வயசு தாண்டினவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி பண்ணணும், மூணு நாளாவது தடுமாறாம நிக்கிறதுக்கான பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம ரெண்டு நாள் போக மிச்சத்தை வீட்ல எப்படி பண்றதுன்னு சொல்லித்தர விவரம் தெரிஞ்ச ஆள் வேணும், முட்டி தேஞ்சவங்களுக்கு யூடியூப் பாத்து நாமளே பயிற்சி குடுத்தா ஆபத்து.

முதல் காசு நம்ம தெருவுல இருந்து

நம்ம ஊர்ல பொறந்த நாள், கல்யாண நாள், அப்பா அம்மா நினைவு நாளுக்கு அன்னதானம் குடுக்குற பழக்கம் ஏற்கனவே இருக்கு. அதுலதான் நீங்க போய் சேரணும். "அண்ணே, அப்பாவோட திதி அடுத்த மாசம் வருதுல்ல, அன்னிக்கு நம்ம தெரு பெரியவங்க முப்பது பேருக்கு பயிற்சியும் சுண்டலும் உங்க செலவா இருக்கட்டுமே, நீங்களும் வந்து ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க"ன்னு கேட்டுப் பாருங்க. வந்து உக்காந்தவர் தன் வீட்டு பெரியவங்களை நெனைச்சுப்பார், அடுத்த வருஷம் அந்த தேதியை அவரே ஞாபகம் வச்சிருப்பார். மாசத்துக்கு எட்டு பேர் கிடைச்சா போதும், மாசம் ஓடிடும்.

யார்கிட்ட எப்ப போறதுங்கிறதும் முக்கியம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரங்ககிட்ட தீபாவளிக்கு முன்னாடி போகாதீங்க, பேசக்கூட நேரம் இருக்காது, பண்டிகை முடிஞ்சு கை ஓஞ்ச நேரத்துல போங்க. கோயில் கமிட்டி, ஜமாத், பங்கு பேரவை, மீனவர் சங்கம், வியாபாரிகள் சங்கம் எல்லாத்தையும் பாருங்க, ஆனா நிகழ்ச்சியில எந்த மதத்து பெரியவரும் எந்த கட்சிக்காரரும் வந்து உக்காரலாம்ங்கிறதை முதல்லயே சொல்லிடுங்க. ரோட்டரி, லயன்ஸ் கிளப்ல ஜூலை 1-ந்தேதி புது தலைவர் வருவார், அந்த வருஷத்துக்கு என்ன பண்ணலாம்னு அவங்க யோசிக்கிற ஜூன், ஜூலையிலயே போயிடுங்க.

காசை யாரோட சொந்த ஜிபே நம்பருக்கும் வாங்காதீங்க, இதுல மட்டும் தயவு தாட்சண்யமே வேணாம். சங்கத்து பேர்ல பேங்க் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து, நூறு ரூபா குடுத்தாலும் நம்பர் போட்ட ரசீது, மாசக் கடைசியில வரவு செலவை ஹால் வாசல்ல ஒட்டணும்.

ஒரு பக்கத்துல ஒரு லெட்டர்

பெருசா எழுத வேணாம், ஒரு பக்கம் போதும். யாரு நாம, எந்த தெரு, எத்தனை பெரியவங்க, என்ன பிரச்சினை, என்ன செய்றோம், எது ஏற்கனவே இலவசமா கிடைச்சிருக்கு, உங்ககிட்ட என்ன கேக்குறோம். இந்த மாதிரி:

"ஐயா, வணக்கம். தண்டையார்பேட்டை ______ தெருவில் 60 வயதைக் கடந்த 30 பேருக்கு, கடந்த மூன்று மாதங்களாக வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சியும் மாதம் ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனையும் நடத்தி வருகிறோம். இடத்தை ______ இலவசமாகத் தந்துள்ளனர். மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கின்றன. சிற்றுண்டிச் செலவைத் தெருவாசிகளே ஏற்றுள்ளனர். பிசியோதெரபிஸ்ட் ஊதியமான மாதம் ரூ. 6,400-ஐ ஓராண்டுக்குத் தாங்கள் ஏற்க வேண்டுகிறோம். வருகைப் பதிவேடும் கணக்கும் இணைத்துள்ளோம். ஒரு நாள் நேரில் வந்து பார்க்க அழைக்கிறோம்."

கடைசி வரியை விட்டுடாதீங்க. நேர்ல வந்து பாத்தவங்ககிட்ட அப்புறம் நீங்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

பதிவு, அப்புறம் பெரிய காசு

மூணு மாசம் நல்லா ஓடுச்சுன்னா பதிவு பண்ணிடுங்க. சங்கமா பண்ணணும்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைஞ்சது ஏழு பேர் வேணும், டிரஸ்ட்னா பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும். அப்புறம் பான் கார்டு, 12ஏ (அமைப்போட வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரி விலக்கு), நிதி ஆயோக்கோட தர்பண்ங்கிற தொண்டு நிறுவனங்களுக்கான போர்ட்டல்ல பதிவு, இதுக்கெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டரை பிடிச்சுக்கோங்க. 80ஜி வந்தப்புறம் வரி விலக்கு கேக்குறவங்க 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அவங்களுக்கு விலக்கு கிடைக்காது, பேங்க்ல போடச் சொல்லுங்க. துபாய், சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம பசங்க இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்து பேங்க் வழியா அனுப்பினா பிரச்சினை இல்ல, வேற நாட்டு குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடை சட்டத்து அனுமதி இல்லாம ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது.

இப்ப சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கை சமூகத்துக்கு செலவு பண்றது. 2013 கம்பெனி சட்டம் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த கம்பெனி கடந்த மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும். எதுக்கு செலவு பண்ணலாம்ங்கிற பட்டியல்ல நோய் வராம தடுக்குற சுகாதாரமும் இருக்கு, முதியோர் பகல் பராமரிப்பு மையமும் இருக்கு. தொழில் நடத்துற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் சட்டமே சொல்லுது. மணலியில சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணூர்ல லாரி தொழிற்சாலை, துறைமுகம், வல்லூர்ல அனல்மின் நிலையம், இவ்ளோ இருக்கிற ஊர் நம்மளோடது. அந்த புகையையும் லாரி தூசியையும் நாப்பது அம்பது வருஷமா சுவாசிச்சவங்கதான் இந்த பெரியவங்க. கூச்சப்படாம தலை நிமிர்ந்து போய் கேளுங்க, அது பிச்சை இல்ல.

ஆனா கம்பெனியோட சிஎஸ்ஆர் காசை வாங்கி வேலை செய்ற அமைப்புக்கு பொதுவா மூணு வருஷ அனுபவமும், 12ஏ, 80ஜியும், மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சகத்துல சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் இருக்கணும். புதுசா ஆரம்பிச்சவங்க, இதெல்லாம் ஏற்கனவே இருக்கிற நல்ல அமைப்பு ஒண்ணோட கூட்டு சேருங்க, யாரு என்ன செய்யணும், காசு எப்ப கைக்கு வரும்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு சேருங்க. நிதியாண்டு ஏப்ரல்ல தொடங்குறதால ஜனவரி, பிப்ரவரியிலயே பேச ஆரம்பிச்சிடுங்க.

எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியை மாசச் செலவுக்கு கேக்காதீங்க, நிலையா நிக்கிற வேலைக்குத்தான் அது. சாய்தளம், கழிவறை, பூங்காவுல நடைபாதை, கைப்பிடி இதுக்கு மனு குடுங்க. நமக்கு நாமே திட்டத்துலயும் இந்த மாதிரி வேலை பண்ணலாம், பொதுவா மூணுல ஒரு பங்கு நம்ம மக்கள் போட்டா மிச்சத்தை அரசு போடும், விவரத்துக்கு மண்டல அலுவலகத்துல கேளுங்க.

காசு வந்தப்புறம்

குடுத்தவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பக்க ரிப்போர்ட் அனுப்புங்க. "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க"ன்னு மட்டும் எழுதினா பத்தாது. பிசியோ கூட இருக்கும்போது ஒரு சின்ன டெஸ்ட் வைங்க, நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு மூணு மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாக்குறது, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா அவங்க விழுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. முதல் வாரம் ஒரு தடவை, மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை எழுதி வச்சா வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி தெரியும். ஆனா யாரோட சுகர் எவ்ளோ, பிபி எவ்ளோன்னு பேரோட யாருக்கும் குடுக்காதீங்க, எத்தனை பேர்ங்கிற எண்ணிக்கை மட்டும் போதும். போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க, சோர்ந்து போன மொகத்தைக் காட்டி காசு வாங்க வேணாம், நம்ம ஆயா கைதூக்கி பயிற்சி பண்ற போட்டோவே அழகாத்தான் இருக்கும்.

செய்தி பரவினா பக்கத்து தெருவுலேர்ந்தும் வருவாங்க, மறுக்க மனசு வராது. இருந்தாலும் ரெண்டு மாசச் செலவு, அதாவது 27,800 ரூபா கணக்குல தனியா சேர்ற வரைக்கும் புதுசா ஆள் சேர்க்காதீங்க. வர்றவங்க பேரை வரிசையா நோட்டுல எழுதி வச்சு, எடம் வந்ததும் அதே வரிசையில நீங்களே வீட்டுக்கு போய் கூப்பிடுங்க.