இல்லினாயில் மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போகிறீர்களா? கிரீன் கார்டுக்காரர்கள் முதலில் இதைப் படியுங்கள்

நம் ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிடுவோம். வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் சேர்த்துப் போட்டுவிடுவார். அந்தப் பழக்கம் இங்கே அமெரிக்காவில் ஆபத்து.

இல்லினாய் மாநிலத்தில் உள்ளூர் வாக்குச்சீட்டில் மக்களே மனு கொடுத்து ஆலோசனைக் கேள்வி ஒன்றை வைக்கலாம். முடிவு ஊர் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இத்தனை பேர் கேட்கிறோம் என்பது எண்ணிக்கையாகப் பதிவாகிவிடும்.

கடைசி கவர்னர் தேர்தலில் அந்த ஊரில் விழுந்த வாக்குகளில் 8 சதவீதம் கையெழுத்து வேண்டும். 10,000 வாக்கு என்றால் 800. தள்ளுபடியாகும் கையெழுத்துகளை நினைத்துத் தாராளமாகவே வாங்குங்கள். தேர்தலுக்குக் குறைந்தது 92 நாள் முன்பே தாக்கல் செய்ய வேண்டும்; 2026 நவம்பர் 3 தேர்தலுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 3. போடுபவர் அந்த ஊரில் பதிவான வாக்காளராக இருக்க வேண்டும், தன் கையாலேயே போட வேண்டும். ஒரு ஊருக்கு ஒரு தேர்தலில் மூன்று கேள்விக்குத்தான் இடம் என்பதால் சீக்கிரம் முந்திக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தார் சிகாகோ புறநகரில் இருக்கும் என் நண்பர். ரயில் நிலையத்துக்கு ஊர் நிர்வாகம் பஸ் விட வேண்டுமா என்பது கேள்வி. ஊரிலிருந்து வந்த அம்மா, கார் ஓட்டத் தெரியாமல் பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எடுத்த முடிவு அது. கோயில் வாசல், பூங்கா, கிரிக்கெட் மைதானம் என்று வாரக்கடைசியெல்லாம் அலைந்தார். போட்டவர்கள் எல்லாரும் அசல் வாக்காளர்கள்.

ஒவ்வொரு தாளின் அடியிலும், கையெழுத்து வாங்கியவர் நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழி தர வேண்டும்: இவர்கள் என் கண்முன் போட்டார்கள், நான் அமெரிக்கக் குடிமகன் என்று. நண்பரிடம் இருப்பதோ நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு; குடியுரிமை இல்லை. பேனாவை எடுத்த பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது. நல்லவேளை, படித்தார். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆனால் நாடு கடத்தல் வரை போகும்.

குடியுரிமை பெற்ற இன்னொரு நண்பர், "நான் போட்டுத் தரேன்" என்றார். அவர் கண்முன் யாரும் போடவில்லையே, அதுவும் பொய்ச் சத்தியம்தான். அத்தனை தாளும் வீண். படிவம் கொடுத்த அலுவலகத்தில் ஒருவர்கூட இதை வாய்திறந்து சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் எச்1பி வேலை விசா, கிரீன் கார்டில் இருப்பவர்கள் கையெழுத்தும் போடாதீர்கள், தாளின் அடியில் உறுதிமொழியும் தராதீர்கள். அப்படியே வாக்காளர் பதிவுப் படிவத்தை யாராவது நீட்டினால், "நான் குடிமகன் இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று கேட்பார்கள்.

கேள்வியின் வாசகத்தை எழுதலாம், அக்கம்பக்கத்தில் பேசிப் புரியவைக்கலாம். தாளைப் பிடித்து நிற்க மட்டும் ஒரு குடிமகனை உங்களோடு அழைத்துப் போங்கள். ஒவ்வொரு கையெழுத்தும் விழும்போது அவர் அங்கேயே இருக்கட்டும்.