பழைய லேத்துக்குக் கோலட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலட் என்பது லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ராடை, அதாவது கடைய வேண்டிய உலோகத் தண்டை, சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் பிளவுள்ள குழல். பழைய லேத்துக்குக் கோலட் தேடுபவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் பெயரையும் ஸ்விங் அளவையும் (அதில் சுழற்றக்கூடிய உருப்படியின் அதிகபட்ச விட்டம்) மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். முதல் தவறு இதுதான். சவுத் பெண்ட் நிறுவனத்தின் 10 அங்குல லேத்துகளில் 10கே எனப்படும் இலகுவான வகைக்கு, அதே நிறுவனத்தின் 9 அங்குல லேத்தைப் போலவே, 3சி கோலட் பொருந்தும். ஹெவி டென் எனப்படும் கனமான வகையில் ஸ்பிண்டிலின் (உருப்படியைச் சுழற்றும் முதன்மை அச்சின்) துளை 1-3/8 அங்குலமாக இருந்தால் 5சி கோலட் பொருந்தும். இரண்டுக்கும் ஸ்விங் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் கோலட் மற்றொன்றில் நிற்காது. ஷாப்ளின் நிறுவனத்தின் 102 லேத்திலும் டபிள்யூ20 கோலட்டை ஏற்பவை, டபிள்யூ25 கோலட்டை ஏற்பவை என இரண்டும் உண்டு. எனவே ஸ்பிண்டிலின் துளையையும் அதன் முகப்பிலுள்ள டேப்பரையும் (கூம்பு போன்ற சரிவையும்) அளந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

லேத்தோடு ஒரு பெட்டி நிறையக் கோலட்டுகள் வந்திருந்தால், அவை அந்த லேத்துக்கே உரியவை என்று நம்பிவிடக் கூடாது. முத்திரை தேய்ந்துபோன கோலட்டையும் வெர்னியரைக் கொண்டு இனம் காணலாம். உடல் விட்டம் 0.650 அங்குலம், பின்புற மரை அங்குலத்துக்கு 26 என்றால் அது 3சி. 0.950 அங்குலமும் 20 மரையும் இருந்தால் 4சி, 1.250 அங்குலமும் 20 மரையும் இருந்தால் 5சி. இதில் ஒரு பொறி இருக்கிறது: மில்லிங் இயந்திரத்துக்கான ஆர்8 கோலட்டின் உடலும் ஏறத்தாழ 0.950 அங்குலம்தான். ஆனால் அதன் மரை உட்புறத்தில் 7/16 அங்குல அளவில் இருக்கும். அதில் திருகும் கம்பி பின்வழியை அடைத்துவிடுவதால், நீளமான ராடை ஸ்பிண்டிலின் ஊடே செலுத்த வழியிருக்காது. கடிகாரக்காரர்களின் 8 மி.மீ. கோலட்டுகளில் பொறித்த எண் மி.மீ.யின் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். 32 என்றிருந்தால் 3.2 மி.மீ. என்று பொருள்.

பொருத்தம் சரியாக அமைந்த பிறகும் மிக அதிகமாக நடக்கும் தவறு, கோலட்டைச் சின்ன சக் (எந்த அளவையும் பிடிக்கும் தாடைகள் கொண்ட பிடிப்பான்) போலக் கருதி, அளவு தள்ளிய ராடை அதில் பிடிப்பது. 5சி போன்ற கோலட்டுகள் முன்பக்கம் மட்டும் பிளந்தவை. பொறித்த அளவிலிருந்து சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமே விலகலாம். ராடு சிறியதாக இருந்தால் கோலட்டின் வாய் விளிம்பு மட்டும் பிடிக்கும், உள்ளே ராடு ஆடும். பெரியதாக இருந்தால் உட்பகுதி மட்டும் பிடித்து வாய் விரிந்து நிற்கும், நாளடைவில் அதன் விறைப்பும் போய்விடும். அங்குலக் கோலட் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு 12 மி.மீ. ராடைப் பிடிக்கப் பார்த்தால் இது தெளிவாகும்: 15/32 அங்குலம் என்பது 11.91 மி.மீ., ராடு உள்ளே போக மறுக்கும்; அடுத்த அளவான 31/64 அங்குலம் என்பது 12.30 மி.மீ., அது 0.3 மி.மீ. தொளதொளவென்று இருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு 12 மி.மீ. கோலட்டையே வாங்குவதுதான் முறை. கறுப்புச் செதில் படிந்த ஹாட் ரோல்டு ராடைக் கோலட்டில் பிடிப்பதும் வேண்டாம். அது முழு வட்டமாகவும் இராது, செதில் கோலட்டின் உட்புறத்தையும் கீறிவிடும்.

பல அளவுகளை ஒரே கோலட்டில் பிடிக்க வேண்டுமானால் இஆர் (ER) வகை உதவும். அதில் பெரும்பாலானவை 1 மி.மீ. வரை சுருங்கும். அதை முதலில் நட்டுக்குள் சொடுக்கி உட்கார வைத்த பிறகே கோலட் உட்காரும் சரிவுத் துளையில் ஏற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் கோலட் சாய்ந்து இறுகும், கழற்றும்போது வெளியே வராமலும் அடம்பிடிக்கும். இரு முனைகளிலும் பிளந்த கோலட் என்பதால், குட்டையான துண்டைப் பிடிக்கும்போது பின்முனையில் அதே விட்டமுள்ள இன்னொரு துண்டை வைத்தால்தான் பிடி நேராக இருக்கும்.

ஒரே நீளத்தில் பல உருப்படிகள் செய்பவர்கள் மறப்பது இன்னொன்று: டிரா பார் (கோலட்டைப் பின்னாலிருந்து இழுத்து இறுக்கும் பாகம்) இழுக்கும்போது கோலட்டோடு உருப்படியும் பின்னால் நகரும். 5சி கோலட்டின் தலைச்சரிவு பக்கத்துக்கு 10 பாகை. ஆகவே ராடின் விட்டத்தில் 0.05 மி.மீ. வேறுபட்டாலே அது ஏறத்தாழ 0.14 மி.மீ. முன்பின்னாக நிற்கும். இந்தப் பிழையைத் தேடி லேத்தின் கேரியேஜை (வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் பகுதியை) திருகுவது வீண் வேலை.

காலியான கோலட்டை இறுக்கக் கூடாது. தாங்க ஒன்றுமில்லாமல் அதன் இதழ்கள் வளைந்துவிடும். கோலட்டின் சாவிப்பள்ளம் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் சிறு ஆணியோடு பொருந்தாதபோது டிரா பாரை வலுவாகத் திருகினால் அந்த ஆணி முறிந்து, கோலட்டும் கூடவே சுற்றத் தொடங்கும். ராடு ஆடுகிறது என்று புதுக் கோலட் வாங்குவதற்கு முன், ஸ்பிண்டில் டேப்பரையும் அடாப்டர் ஸ்லீவையும் (ஸ்பிண்டிலுக்கும் கோலட்டுக்கும் இடையிலான உறையையும்) துணியால் துடைத்துவிட்டு, கோலட் இல்லாமலே டேப்பரின் உட்புறத்தில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவியை) வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முள் அங்கேயே அசைந்தால் கோலட்டை மாற்றிப் பயனில்லை.