மலைக்கும் கடலுக்கும் நடுவில் கொல்யூர்: சென்று பார்க்கும் முறை

பிரான்ஸின் தென்கோடியில், ஆல்பேர் மலைகள் மத்தியதரைக் கடலைத் தொடும் இடத்தில் உள்ள பழைய கத்தலான் ஊர் கொல்யூர். கோடையில் காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும் என்பதால், பெர்ப்பினியானிலிருந்து அரை மணிக்கும் குறைவான நேரத்தில் வந்துசேரும் ரயிலில் வருவதே நல்லது.

முதலில் துறைமுகத்தின் ஓரத்தில், சுவரை அலைகள் நனைக்க நிற்கும் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அதன் உருண்டையான மணிக்கூண்டு ஒருகாலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்தது. 1905இல் மத்தீஸும் தெரேனும் இங்கே தங்கி வரைந்த ஓவியங்களின் நகல்கள், அவர்கள் நின்று பார்த்த இடங்களிலேயே வைக்கப்பட்டிருப்பதால், படத்தையும் காட்சியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். மத்தீஸின் வண்ணங்கள் மிகை என்று நினைப்பவர்கள் மாலை வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஸ்பெயினின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்து, 1939 பிப்ரவரி 22 அன்று இங்கே இறந்த கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள அஞ்சல் பெட்டியில் வாசகர்கள் இன்றும் அவருக்குக் கடிதம் இடுகிறார்கள்.

வெயில் தாழ்ந்தபின், பழைய காற்றாலையைக் கடந்து திராட்சைத் தோட்டங்களின் வழியே செயின்ட் எல்ம் கோட்டைக்கு ஏறுங்கள். திராமொந்தான் எனும் வடமேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளவும். திரும்பும்போது, உப்பில் பல மாதம் ஊறிய நெத்திலி ஒரு குப்பி வாங்கிக்கொள்ளலாம்.