பணம் அனுப்பியவரின் முகவரி: கிரிப்டோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிட்காயின் வந்து சேர்ந்ததும் எக்ஸ்ப்ளோரரை (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் இணையதளம்) திறந்து, இடப்பக்கம் இருக்கும் முகவரியைப் பார்த்து 'இவர்தான் அனுப்பினார்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பிட்காயின் பரிவர்த்தனையில் அனுப்புநர் முகவரி என்று தனியாக ஓர் இடமே கிடையாது. ஒவ்வொரு இன்புட்டும் (செலவழிக்கப்படும் பழைய வரவு) முந்தைய ஒரு பரிவர்த்தனையின் ஐடியையும், அதில் எத்தனையாவது அவுட்புட் (ஒரு முகவரிக்குப் போன தொகை) என்பதையும்தான் சுட்டும். எக்ஸ்ப்ளோரர் அந்தப் பழைய அவுட்புட்டைத் தேடி எடுத்து, அதன் முகவரியைக் காட்டுகிறது. மூன்று இன்புட் இருந்தால் மூன்று முகவரிகள் தெரியலாம். காயின்ஜாயின் (பலர் சேர்ந்து போடும் ஒரே பரிவர்த்தனை) என்றால் அவை வெவ்வேறு ஆட்களுடையவை.

இதைவிடப் பெரிய தவறு, அந்த முகவரிக்கே பணத்தைத் திருப்பி அனுப்புவது. வாடிக்கையாளர் எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) செலுத்தியிருந்தால், நீங்கள் பார்ப்பது எக்ஸ்சேஞ்சின் பொது வாலட். திருப்பிய தொகை அங்கே போய்ச் சேரும், அவர் கணக்கில் வரவாகாது, மீட்பதும் பெரும்பாடு. பணம் வாங்கும்போதே 'திருப்ப வேண்டி வந்தால் எந்த முகவரிக்கு?' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈத்தரியத்தில் அனுப்புநர் முகவரி உண்டு. ஆனால் டோக்கன் (ஈத்தரியத்தின் மேல் இயங்கும் பிற நாணயங்கள்) விஷயத்தில் அதை அப்படியே நம்பக் கூடாது. ஒருவர் அனுமதி கொடுத்திருந்தால், அவருடைய டோக்கனை இன்னொருவர் பரிவர்த்தனை போட்டு நகர்த்த முடியும். யாருடைய டோக்கன் நகர்ந்தது என்பதை லாக் பகுதியில் உள்ள டிரான்ஸ்ஃபர் பதிவில் பாருங்கள், அது சரியான டோக்கன் கான்ட்ராக்டிலிருந்து (அந்த டோக்கனை இயக்கும் நிரல்) வந்ததா என்பதையும் சேர்த்து. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல்) வழியாக ஈத்தர், அதாவது ஈத்தரியத்தின் சொந்த நாணயம், வந்திருந்தால் எக்ஸ்ப்ளோரரின் 'இன்டர்னல்' பட்டியலில்தான் தெரியும்.

பழைய வரவுப் பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்வதும் ஆபத்து. மோசடிக்காரர்கள் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்கி, பூஜ்ஜியத் தொகைப் பரிவர்த்தனையாக உங்கள் பட்டியலில் நுழைத்துவிடுவார்கள். ஈத்தரியம் முகவரியின் 42 எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டு, பரிவர்த்தனை ஐடியை உங்களுக்கு அனுப்பியவரே பணம் கட்டியவர் என்று ஏற்காதீர்கள். ஐடி யார் கண்ணுக்கும் தெரியும். எவரும் எடுத்துக் காட்டலாம். ஒவ்வொரு பில்லுக்கும் புது முகவரி கொடுங்கள். அனுப்பியவர் யாரென்று தேடவே வேண்டாம், எந்த முகவரியில் வந்ததோ அந்த பில்லுக்கு வரவு வைத்தால் போதும்.