தைராய்டு புற்றுநோய் எங்கே அதிகம்? வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாம் செய்கிற தவறுகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படம் வந்துவிடும். இந்தியா முழுக்க வெளிறிய நிறம், கேரளத்தின் தென்கோடி மட்டும் செக்கச்சிவப்பு. பெண்களுக்கு வரும் தைராய்டு புற்றுநோய் எங்கே அதிகம் என்று காட்டும் படம். நாங்கள் நாகர்கோவில்காரர்கள், திருவனந்தபுரம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஆகவே படம் வந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் கிளம்பும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சு மணல்தான் என்பார் மாமா. கூடங்குளம் அணு உலை என்பான் தம்பி. அத்தைக்கு அயோடின் உப்பின் மேல் சந்தேகம், கல்லுப்புக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. போன முறை சித்தி எல்லாருக்கும் சேர்த்து முடிவே எடுத்துவிட்டார்: "காரணம் எதுவா இருந்தா என்ன, எல்லாரும் ஒரு தடவ கழுத்து ஸ்கேன் எடுத்துருங்க."

படம் பொய் சொல்லவில்லை. திருவனந்தபுரத்துப் பெண்களிடம் பதிவாகும் விகிதம் மகாராஷ்டிரத்தின் பார்ஷி போன்ற கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சறுக்கல் அதற்கு அடுத்த அடியில்தான் வருகிறது. எங்கே அதிகம் என்று தெரிந்த உடனே அங்கே மண்ணில், தண்ணீரில், உப்பில் என்ன இருக்கிறது என்று தேடப் போய்விடுகிறோம். அங்கே யார், எதை வைத்து, எத்தனை கழுத்துகளைப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஏன் இந்த நோய்க்கு மட்டும் இப்படி என்பதற்கு ஃபின்லாந்தில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 1985-இல் வெளியான ஆய்வு. வேறு வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை எடுத்து, இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 36 பேரிடம் பாப்பிலரி என்ற, பெரும்பாலும் சாதுவான வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தது. பெரும்பாலும் மிளகை விடச் சின்னது. கழுத்தில் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள். அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு மேல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு "எங்கே அதிகம்" என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எந்த ஊரிலும் நல்ல ஸ்கேன் கருவியோடு போய் உட்கார்ந்து தேடினால் கிடைக்கத்தான் செய்யும்.

கொரியாவில் அதுதான் நடந்தது. 1999-இல் தென்கொரிய அரசு தேசியப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் மருத்துவமனைகள் என்ன செய்தன? வந்ததுதான் வந்தீர்கள், முப்பது ஐம்பது டாலருக்கு இணையான தொகையைக் கூடுதலாகக் கட்டினால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்றன. நம்மூர் முழு உடல் செக்கப் பேக்கேஜ் தெரியுமல்லவா, அதே கதை. மக்களும் பார்த்துக்கொண்டார்கள். 1993-இல் இருந்த விகிதம் 2011-இல் பதினைந்து மடங்கு ஆனது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் நோயாளி ஆனார்கள். அந்த நாட்டில் அதிகம் கண்டறியப்படும் புற்றுநோயே தைராய்டு என்றாகிவிட்டது.

சரி, பதினைந்து மடங்கு நோய் என்றால் சாவும் கூடியிருக்க வேண்டுமே? கூடவில்லை. வருஷத்துக்கு முன்னூறு, நானூறு என்று இருந்த இடத்திலேயே நின்றது. இன்னொன்றும் தெரிந்தது. கொரியாவுக்குள்ளேயே எந்த வட்டாரத்தில் அதிகம் பேர் ஸ்கேன் செய்துகொண்டார்களோ அங்கே விகிதம் அதிகம், செய்துகொள்ளாத வட்டாரத்தில் குறைவு. அதை வரைபடமாக்கி நிறம் தீட்டினால் நமக்கு வரும் வாட்ஸ்ஆப் படம் மாதிரியே இருக்கும். ஆனால் அந்தச் சிவப்பு ஸ்கேன் அறைகளின் சிவப்பு.

2014 மார்ச்சில் கொரிய மருத்துவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைச் சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மண் மாறவில்லை, உப்பு மாறவில்லை. அயோடின் நிறைந்த கடற்பாசி சூப்பையும் யாரும் நிறுத்தவில்லை.

எனவே முதல் தவறு, கண்டறிந்த எண்ணிக்கையை ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்வது. பக்கத்திலேயே இறப்பு விகிதத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2022-க்கான உலகக் கணக்கில் புதிய தைராய்டு புற்றுநோய்கள் சுமார் 8,21,000, இறப்புகள் சுமார் 47,500. கண்டறிதல் மேலே ஏறுகிறது, இறப்பு தரையில் கிடக்கிறது என்றால், ஏறுவதில் பெரும்பகுதி முன்பே இருந்து இப்போது கண்ணில் பட்டவை. பன்னிரண்டு நாடுகளின் புள்ளிவிவரத்தை அலசி 2016-இல் வெளியான ஆய்வு, இருபது ஆண்டுகளில் சுமார் 4,70,000 பெண்களும் 90,000 ஆண்களும் இப்படித் தேவையில்லாமல் நோயாளி ஆக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது.

திருவனந்தபுரத்துக்கு வருவோம். 2005-இலிருந்து 2014-க்குள் அங்கே பெண்களிடம் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. கூடியது பெரும்பாலும் பாப்பிலரி வகை. கேரளத்துப் பெண்கள் மருத்துவரிடம் போகிறவர்கள். முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, குழந்தை உண்டாகவில்லை என்று போனால் முதல் சீட்டிலேயே டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதப்படும். அது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கழுத்து ஸ்கேன். அதில் ஒரு புள்ளி தெரிந்தால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பரிசோதனை. ஆண்கள் இந்த வரிசையில் நிற்பதே இல்லை. பெண்களுக்கு இந்த நோய் இயல்பிலேயே கூடுதல் என்பது உண்மை, ஆனால் இந்த வரிசை அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. பார்ஷிப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே கிடையாது.

அடுத்தது கதிர்வீச்சு. இதில் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். எங்கே அதிகம் என்றாலும் அணு உலை என்பது ஒரு பக்கம். கதிர்வீச்சு எல்லாம் சும்மா என்பது இன்னொரு பக்கம்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: கூடங்குளம் முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013 ஜூலையில். திருவனந்தபுரத்தில் ஏற்றம் அதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. அணு உலையை எதிர்க்க வேறு காரணம் இருந்தால் இருக்கட்டும், இந்த வரைபடம் அதற்குச் சாட்சி சொல்லாது. மாமாவின் மணல் கதைக்கு இன்னும் நல்ல பதில் உண்டு. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி கடற்கரையில் மோனசைட் மணல் குவிந்து கிடக்கிறது, அதில் தோரியம். மணவாளக்குறிச்சி மணலின் கூடப்பிறந்த மணல். சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு சாதாரண ஊர்களைவிடப் பல மடங்கு. அங்கே வாழும் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. கதிர்வீச்சு அளவு கூடக்கூடப் புற்றுநோயும் கூடுவதாக அதில் தெரியவில்லை.

ஆனால் செர்னோபில் நிஜம். 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த உலையிலிருந்து பறந்தவற்றில் கதிர்வீச்சு உள்ள அயோடின்-131-உம் ஒன்று. அது புல்லில் படிந்தது, பசு மேய்ந்தது, பாலில் இறங்கியது, குழந்தைகள் குடித்தார்கள். தைராய்டுக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெலாருஸின் கோமெல் வட்டாரம் போன்ற இடங்களில் சாப்பாட்டில் ஏற்கெனவே அயோடின் பற்றாக்குறை, ஆகவே குழந்தைகளின் சுரப்பி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. நாலைந்து வருஷத்தில் சிறு பிள்ளைகளிடம் புற்றுநோய் வரத் தொடங்கியது. விபத்தின்போது 18 வயது நிரம்பாதிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை 19,000-க்கு மேற்பட்டோருக்கு நோய் பதிவானது. அதிலும் கவனியுங்கள், ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு அதில் சுமார் கால் பங்கைத்தான் கதிர்வீச்சின் கணக்கில் சேர்த்தது. மீதியில் வயது ஏறியதும் உண்டு, தேடல் கூடியதும் உண்டு.

ஃபுகுஷிமாவில் எதிர்க்கதை. 2011 விபத்துக்குப் பிறகு அந்த மாகாணத்தில் சுமார் மூன்று லட்சம் பிள்ளைகளின் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். முதல் சுற்றிலேயே நூற்றுக்கு மேல் புற்றுநோய். உலகமே அலறியது. ஆனால் செர்னோபிலில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் விபத்தின்போது கைக்குழந்தைகளாகவும் சிறு பிள்ளைகளாகவும் இருந்தவர்கள். இங்கே கிடைத்தவர்கள் வயது கூடிய பிள்ளைகள், அதுவும் கதிர் பட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே கழிய வேண்டிய காத்திருப்புக் காலமே இல்லாமல் உடனே. விபத்தோடு சம்பந்தமில்லாத அவோமோரி, யமானாஷி, நாகசாகியில் 4,365 பிள்ளைகளுக்கு அதே மாதிரி ஸ்கேன் செய்து பார்த்தபோது நீர்க்கட்டிகளும் முடிச்சுகளும் அங்கேயும் குறைவில்லாமல் இருந்தன. அணு விபத்து நடந்த இடத்தில்கூட ஊர் முழுக்கக் கழுத்து ஸ்கேன் செய்யாதீர்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு 2018-இல் சொன்னது. சித்திக்கு இதைத்தான் முதலில் அனுப்பினேன்.

அத்தையின் உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். இமயமலை அடிவாரத்தில் அது ஊர் ஊராக இருந்தது, காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆய்வுதான் அயோடின் உப்பின் பயனை இந்தியாவுக்குக் காட்டியது. அயோடின் கிடைக்கும் இடங்களில் மூர்க்கம் கூடிய ஃபாலிகுலர் வகையின் பங்கு குறைந்து, சாதுவான பாப்பிலரியின் பங்கு கூடும். வரைபடத்தில் மாற்றம் தெரியும், ஆனால் பயப்படும்படியானது இல்லை. அத்தை மறுபடி அயோடின் உப்புக்கே திரும்பலாம்.

இதைப் படித்துவிட்டு "எல்லாமே ஸ்கேன் வேலை" என்று கிளம்பிவிடக்கூடாது, அதுவும் தவறே. சிசிலித் தீவில் எட்னா எரிமலை அடிவாரத்தில் உள்ள கட்டானியா மாகாணத்துப் பெண்களிடம் விகிதம் லட்சத்துக்கு 31.7, தீவின் மற்ற பகுதிகளில் 14.1. ஒரே தீவு, ஒரே மருத்துவ அமைப்பு. எரிமலை மண்ணும் நீரும் காரணமா என்று இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நியூ கலிடோனியாவின் மெலனீசியப் பெண்கள், அமெரிக்காவில் வாழும் ஃபிலிப்பினோ பெண்கள் ஆகியோரிடமும் விகிதம் தூக்கலாக இருப்பதற்குத் தேடல் மட்டும் விளக்கம் ஆகாது. தேடலின் பங்கைக் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிற இடம்தான் சுவாரசியமான இடம். கழிக்காமலே காரணம் தேடுவதில்தான் தப்பு.

கணக்கு சார்ந்த சின்னத் தவறுகள் சில உண்டு. பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணி அந்த ஊரின் விகிதம் என்பார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போவது வழக்கம், மருத்துவமனைக் கணக்கில் அவர்களும் அங்கேதான் நிற்பார்கள். மக்கள்தொகைப் பதிவேடு அப்படியில்லை, வசிக்கும் முகவரியை வைத்துப் பிரிக்கும். சென்னையில் 1982 முதல் அப்படியொன்று இருக்கிறது. அப்புறம், ஒரு தெருவில் மூன்று பேருக்கு வந்துவிட்டது என்பதை வைத்து விகிதம் போடுவது. இத்தனை ஆயிரம் தெருக்களில் ஏதாவது ஒன்றில் மூன்று பேர் சேரத்தான் செய்வார்கள்.

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று நாம் சொல்கிறோமே, அதுவும் ஒரு குழப்பம். தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது! சொல்ல வருவது சுரப்பு குறைந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுவதை. அது புற்றுநோயின் முதல்படி இல்லை. எங்கள் குழுவில் ஐந்து பெண்கள் அந்த மாத்திரை போடுகிறார்கள், வரைபடம் வந்த அன்று ஐந்து பேரும் தூங்கவில்லை.

சித்தி சொன்னதோடு நிற்கவில்லை, போய் எடுத்தும் விட்டார். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார்: வலது பக்கம் 6 மில்லிமீட்டர் முடிச்சு, டிராட்ஸ் 4 (முடிச்சு எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று ஸ்கேனைப் பார்த்துப் போடும் மதிப்பெண், 5 வரை போகும்). கீழே ஊசிப் பரிசோதனைக்குப் பரிந்துரை. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க விதிப்படி டிராட்ஸ் 4 என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல்தான் ஊசி, டிராட்ஸ் 5-க்கே ஒரு சென்டிமீட்டர். அதற்கும் கீழே தேடி, ஒருவேளை கிடைத்துவிட்டால், அறுவைச் சிகிச்சை வரை இழுத்துக்கொண்டு போகும். சுரப்பியை எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை. கொரியாவில் அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பிகள் பழுதாயின, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. ஜப்பானின் கோபே நகரத்தில் குமா மருத்துவமனை 1993-லிருந்தே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த பாப்பிலரி புற்றுநோய்களை உறுதி செய்த பிறகும் வெட்டாமல் கண்காணிக்கிறது. பத்து ஆண்டுகளில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்தது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான்.

யார் கட்டாயம் போக வேண்டும் என்றும் சித்தியிடம் சொன்னேன். கழுத்தில் கையில் தட்டுப்படும் கட்டி, அதிலும் வேகமாகப் பெருப்பது. வாரக்கணக்கில் குரல் கம்மியிருப்பது. விழுங்கச் சிரமம். கழுத்தோரம் இறங்காமல் நிற்கும் நெறி. குடும்பத்தில் மெடுல்லரி என்ற, பரம்பரையாகவும் வரக்கூடிய தைராய்டு புற்றுநோய் வகை இருந்தவர்கள், சிறுவயதில் கழுத்துப் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள். இவர்கள் எந்த ஊராக இருந்தாலும், வரைபடத்தில் எந்த நிறமாக இருந்தாலும், தள்ளிப்போடக் கூடாது.

சித்தி வேறொரு மருத்துவரிடம் போனார். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் படித்தார், ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் சித்தி குழுவில் போட்டார். அதற்கு மூன்று பேர்தான் கட்டைவிரல் தூக்கினார்கள். சிவப்பு வரைபடத்துக்கு இருபத்திரண்டு.