தூரத்து விபிஎஸ் மலிவுதான், ஆனால் பிங் தாங்குமா?

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமா ஒருவருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். பெங்களூரில் ஒரு விபிஎஸ்ஸில் (மாத வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஓடியது. அதே காசுக்கு ஜெர்மனியில் இரண்டு மடங்கு ரேம் கிடைப்பதைப் பார்த்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பை அங்கே மாற்றினேன். டேட்டாபேஸை மட்டும் ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெங்களூரிலேயே விட்டுவிட்டேன். திங்கள் காலை போன் வந்தது. “ஏங்க மாப்ள, பில் போட்டா சக்கரம் சுத்திட்டே இருக்குதுங்க. கஸ்டமர் நின்னுட்டிருக்காங்க.”

ஒரு பில் திரைக்கு என் நிரல் டேட்டாபேஸுக்கு 40 கொயரி (தகவல் கேட்கும் கோரிக்கை) அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஜெர்மனியிலிருந்து பெங்களூர் போய்த் திரும்ப 150 மில்லி விநாடி. பெருக்கினால் 6 விநாடி! இரண்டும் ஒரே சர்வரில் இருந்தவரை அந்த 40 கொயரி கண்ணில் படவே இல்லை. சர்வர் மேல் குற்றம் இல்லை, கணக்குப் போடாமல் இறங்கியது நான். நீங்கள் போட்டுவிட்டு இறங்குங்கள்.

முதலில், விலை ஏன் வித்தியாசப்படுகிறது? பெரும்பாலும் பேண்ட்வித், அதாவது சர்வரிலிருந்து போகும் டேட்டாவின் செலவுதான் காரணம். அமேசானின் கிளவுடில் சர்வரிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தொடக்கப் பட்டியல் விலை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 9 சென்ட், மும்பையில் ஏறத்தாழ 11, சிங்கப்பூரில் 12. லைட்செயில் என்ற அவர்களுடைய விபிஎஸ் திட்டத்தை மும்பையில் எடுத்தால், மாத டேட்டா அளவு மற்ற பல ஊர்களில் தருவதில் பாதிதான். ஜெர்மன் நிறுவனமான ஹெட்ஸ்னர் தன் ஐரோப்பிய கிளவுட் சர்வர்களுக்கு மாதம் 20 டிபி தருகிறது; 2024-ல் சிங்கப்பூரில் கடை திறந்தபோது அங்கே கொடுத்தது அதில் சிறு பங்கு. போதாக்குறைக்கு, 2019 முதல் 2022 வரை சிங்கப்பூர் அரசு புது டேட்டா சென்டர்களுக்கு அனுமதி தருவதையே நிறுத்தி வைத்திருந்தது. ஆக, ஊர் தள்ளிப் போனால் காசு மிச்சம். பதிலுக்கு நாம் கொடுப்பது மில்லி விநாடி.

படி 1: தூரத்தை நேரமாக்குங்கள்

ஃபைபருக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி. எவ்வளவு காசு கொட்டினாலும் இதற்குக் கீழே இறங்காது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர் அளவில். அப்படியென்றால் குறைந்தது 32. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 35, 40 வந்தால் திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

ஃப்ராங்க்பர்ட்டுக்கு நேர்கோட்டில் 7,600 கிலோமீட்டர். கணக்குப்படி 76 வர வேண்டும். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. மும்பை, அரபிக்கடல், செங்கடல், எகிப்து, பிறகு மத்தியதரைக் கடல் என்று சுற்றிப் போவதால் 130 முதல் 170 வரை வரும். செங்கடலில் கேபிள் அறுந்தால் இன்னும் ஏறும். 2024 தொடக்கத்திலும் 2025 செப்டம்பரிலும் அப்படித்தான் அறுந்தது.

படி 2: பயனர் உட்காரும் இடத்திலிருந்து அளங்கள்

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் பக்கம் என்றால் நெட்வொர்க்கிலும் பக்கம் என்று அர்த்தமில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று சிங்கப்பூரில் ஒரு சர்வர் எடுத்தேன். பிங் (பாக்கெட் எனும் டேட்டாத் துண்டு ஒன்று போய்த் திரும்பும் நேரம்) 230 காட்டியது. அவர்கள் வாங்கியிருந்த இணைப்புக்கும் என் வீட்டு பிராட்பேண்டுக்கும் ஆசியாவில் எங்கும் சந்திப்பு இல்லை. பாக்கெட் ஐரோப்பா வரை போய்விட்டு சிங்கப்பூர் வந்தது. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் போக சென்னை வழியாகச் சுற்றுகிற கதை.

அதனால் காசு கட்டும் முன் அந்த நிறுவனத்தின் ‘லுக்கிங் கிளாஸ்’ பக்கத்தைத் தேடுங்கள். சோதனைக்கான ஐபி முகவரி அதில் இருக்கும். அதை உங்கள் கணினியிலிருந்து பிங் செய்யுங்கள். விண்டோஸில் பிங் நான்கு முறை தட்டிவிட்டு நின்றுவிடும். சிறுகோடு போட்டு டி (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். காலையில் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை. ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் வரும் எண்தான் உண்மையான எண். பிராட்பேண்ட், மொபைல் டேட்டா இரண்டிலும் பாருங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள்: நிலையாக 150 வருவதைச் சமாளித்துவிடலாம், 60-க்கும் 300-க்கும் நடுவில் துள்ளுவதுதான் உயிரை எடுக்கும்.

எண் சந்தேகமாக இருந்தால், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் (traceroute) போடுங்கள். விண்டோஸில் இதன் பெயர் ட்ரேசர்ட் (tracert). வழியில் வரும் ரூட்டர்களின் பெயருக்குள் பல சமயம் விமான நிலையக் குறி ஒளிந்திருக்கும்: சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன், ஃப்ராங்க்பர்ட்டுக்கு எஃப்ஆர்ஏ. சிங்கப்பூர் சர்வருக்கான பாதையில் எஃப்ஆர்ஏ தலைகாட்டினால் அந்த டேபை மூடிவிடுங்கள்.

படி 3: எத்தனை தடவை போய் வருகிறது?

பிங் என்பது ஒரு தடவை போய் வரும் நேரம். ஒரு பக்கம் திறக்க அது பல தடவை நடக்கும். இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒன்று, அதைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒன்று (பழைய 1.2 என்றால் இரண்டு), அப்புறம் பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. சர்வர் முதல் தவணையில் ஏறத்தாழ 14 கேபிதான் அனுப்பும். அடுத்தது 28, அதற்கடுத்தது 56. ஆக 90 கேபி பக்கத்துக்கு மேலும் இரண்டு. மொத்தம் ஐந்து. 35 மில்லி விநாடி என்றால் 175. 150 என்றால் 750. முக்கால் விநாடி ஒரு வலைப்பூ வாசகருக்குப் பரவாயில்லை. நாள் முழுக்க பில் போடுகிறவருக்குப் பரவாயில்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அடுத்த படி.

படி 4: வாங்கும் முன் தாமதத்தைக் கடன் வாங்குங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். லினக்ஸில் டிசி (tc) என்ற கட்டளை இருக்கிறது. அதன் நெட்எம் வசதி, வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நீங்கள் சொல்லும் நேரம் பிடித்து வைத்து அனுப்பும். இப்போது இருக்கும் சர்வரிலேயே, ரூட் (நிர்வாகி) உரிமையோடு, இந்த வரிசையில் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் தட்டுங்கள்: டிசி (tc), க்யூடிஸ்க் (qdisc), ஆட் (add), டெவ் (dev), உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயர், ரூட் (root), நெட்எம் (netem), டிலே (delay), 130எம்எஸ் (130ms).

ஏன் 130? எங்களுக்கு ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு 20 வந்தது, ஜெர்மனிக்கு 150. வித்தியாசத்தை மட்டும் சேர்த்தால் போதும். முடிந்ததும் அதே வரியில் ‘ஆட்’ இருக்கும் இடத்தில் ‘டெல்’ (del) போட்டால் நீங்கிவிடும். மறந்துபோனாலும் சர்வரை ரீபூட் செய்தால் போய்விடும். டேட்டாபேஸ் அதே சர்வருக்குள் இருந்தால் அந்தப் பேச்சு இந்தக் கார்டு வழியாகப் போகாது, அதனால் தாமதமும் ஏறாது. கர்னலை மற்றவர்களோடு பகிரும் கண்டெய்னர் வகை விபிஎஸ் சிலவற்றில் இதற்கு அனுமதி கிடைக்காது. தனிக் கர்னல் உள்ள கேவிஎம் வகையில் தடை இருக்காது.

அரை நாள் அப்படியே விட்டு, உபயோகிப்பவர்களிடம் எதுவும் சொல்லாமல் இருங்கள். போன் வருகிறதா பாருங்கள்.

படி 5: மாற்றுவது

போன் வரவில்லையா? சரி, மாற்றலாம். ஆப்பும் டேட்டாபேஸும் ஒன்றாகவே போக வேண்டும், என் கதை போதும். டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் பட்டியல்) டிடிஎல்லை, அதாவது பழைய முகவரி நினைவில் இருக்கும் நேரத்தை, முந்தின நாளே 300 விநாடிக்கு இறக்கி வையுங்கள். படம், சிஎஸ்எஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிடிஎன் (பயனருக்குப் பக்கத்தில் நகல் வைத்து அனுப்பும் சேவை) வைத்தால் அவை சென்னை, மும்பையிலிருந்தே போய்விடும். ஆனால் கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் ஹெச்டிஎம்எல் பக்கங்களைத் தானாகச் சேமித்து வைக்காது. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். தூர சர்வரில் கட்டளை தட்டும் எஸ்எஸ்ஹெச்சில் எழுத்து தாமதமாக விழுவது எரிச்சலூட்டினால் மோஷ் நிறுவுங்கள், தட்டிய எழுத்தை உங்கள் கணினியே உடனே காட்டிவிடும். வருடச் சந்தா தள்ளுபடியைத் தொடாதீர்கள், முதல் மாதம் மாத வாடகைதான். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்க வேண்டும். வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில சமயம் அதிலேயே கரைந்துவிடும்.

ரிமோட் டெஸ்க்டாப், கேம் சர்வர் இரண்டையும் தூரத்தில் வைக்க நினைக்கவே வேண்டாம்.

ஆப்பைப் பெங்களூருக்கே திருப்பிவிட்டு, மாமா கடைக்கு 130 சேர்த்துப் பார்த்ததில் பதினொன்றரைக்கே போன் வந்துவிட்டது. பில்லிங் பெங்களூரில், இருப்பதிலேயே சின்ன பிளானில் ஓடுகிறது. சேலைப் படங்களும் சோதனை சர்வரும் ஜெர்மனியில். பேக்கப்பும் இரவு 2 மணிக்கு அங்கேதான் போகிறது. அந்த நேரத்தில் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் மாமா தூங்கிக்கொண்டிருப்பார்.